முப்பத்தேழாம் எண் இருக்கை

2007ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, திங்கட்கிழமை, பெங்களூரில் மஞ்சுளா டிராவல்ஸின் பன்னிரண்டு முன்பதிவு கவுன்ட்டர்களுக்கும் ஒரே நாளில் யுபிஎஸ் பொருத்தப்பட்டது.

அதன் பிறகு பதினொரு வாரம் எந்தப் புகாரும் இல்லை. ஆகஸ்ட் 22 காலை பத்தரை மணிக்கு, கோரமங்களாவில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்த மென்பொருள் நிறுவனத்தில், சங்கமித்ராவின் மேசையில் தொலைபேசி அடித்தது. மஞ்சுளா டிராவல்ஸின் உரிமையாளர் கோவிந்தப்பா பேசினார்.

"ஏன்மா, நம்ம வேளாங்கண்ணி வண்டில எத்தன பெர்த்து?"

"முப்பது சார். திங்கட்கிழமைலேர்ந்து நாப்பது சீட்டு போய் ஸ்லீப்பர் ஆச்சே."

"முப்பது. ஹௌதா, அப்படியா? அப்போ முப்பத்தேழாம் நம்பர்ல படுக்கணும்னு ஒருத்தர் டிக்கெட்டோட வந்தா, நான் எங்கம்மா படுக்க வெப்பேன்? என் மடிலயா?"

முந்தின நாள் மாலை ஒரு பள்ளி ஆசிரியர் அடுகோடி கவுன்ட்டரில் வாங்கிய டிக்கெட்டோடு வண்டி ஏறியிருந்தார். கீழ் வரிசையை எண்ணினார், மேல் வரிசையை எண்ணினார், பிறகு டிரைவரையும் எண்ணச் சொன்னார். முப்பதுக்கு மேல் எதுவும் இல்லை. டிரைவர் அவரை என்ஜின் மூடியின் மேல் ஒரு போர்வையை விரித்து உட்கார வைத்தார். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் ஆசிரியர் செய்த முதல் வேலை, டிக்கெட்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டதுதான்.

சங்கமித்ரா அந்த நிறுவனத்தில் சேர்ந்து பதினோரு மாதங்கள் இருபத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன. ஒரு வருடம் தகுதிகாண் காலம். அது ஆகஸ்ட் 31இல் முடிகிறது. அவளுக்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த இருவர் அந்த ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டிருக்கும் சந்தில் இது யாருக்கும் தெரியாது. அவள் அப்பா பெருமாள்சாமி, மின்சாரத் துறையில் லைன்மேன், அவள் வேலையில் சேர்ந்த அன்றே முப்பத்திரண்டு வீடுகளுக்கும் மைசூர்பாகு கொடுத்து முடித்திருந்தார். 'புரொபேஷன்' என்ற சொல்லை அவளும் வீட்டில் எடுத்ததில்லை.

முன்பதிவு மென்பொருளை எழுதியவர் சேஷகிரி. அவளுடைய மேலாளரும் அவரே. அந்த மென்பொருளில் அவருக்கு மிகப் பெருமையான விஷயம் ஒன்று இருந்தது. காலையில் பிரவுசரில் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டால் போதும். எந்த இருக்கை விற்றது, எது காலி என்பதைப் பக்கம் தானே அரை நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளும். மறுபடி திறக்கும் தேவையே வராது. 2007இல் இது பெரிய விஷயம். பார்க்க வருபவர்களிடமெல்லாம், "பக்கம் அசையாது, தகவல்தான் அசையும்" என்பார்.

அந்தப் பெருமையில் சேஷகிரி கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இருக்கைகளின் நிலவரம்தான் சர்வரிலிருந்து வந்தது. இருக்கைகளின் படம், எண்கள், விதிகள் எல்லாம் பக்கத்தோடு ஒட்டி வந்தவை. பக்கத்தை மூடித் திறந்தால் மட்டுமே அவை மாறும். ஜூன் 4 வரை இது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. கரண்ட் நாளுக்கு இரண்டு தடவை போனது. கம்ப்யூட்டர்கள் அணைந்தன. கரண்ட் வந்ததும் கவுன்ட்டர்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைத் திறந்தார்கள், சேஷகிரியின் புதிய பதிப்பு வந்து நின்றது. ஒவ்வொரு மாத அறிக்கையிலும் அவர், 'புதிய பதிப்பு பன்னிரண்டு கவுன்ட்டர்களுக்கும் தடையின்றிச் சென்றடைந்தது' என்று எழுதினார்.

சங்கமித்ரா அன்று மதியமே அடுகோடிக்குப் போனாள்.

கவுன்ட்டர், ஒரு டயர் கடைக்கும் ஒரு லேத் பட்டறைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் இருந்தது. அங்கே டிக்கெட் அடித்துக் கொடுக்கும் மௌரீனுக்கு ஐம்பது வயதிருக்கும். திரையில் நீல நிறப் பக்கம். புதிய பதிப்பு பச்சை. நீலப் பக்கத்தின் கீழ் மூலையில், சேஷகிரி ஆசையாக வைத்த பொடி எழுத்து: 'பக்கம் திறந்த நேரம்: 04-06-2007, 10:12'.

"ஆன்ட்டி, இத எப்ப கடைசியா மூடினீங்க?"

"நான் ஏன் மூடறேன்? கடையத்தான் மூடுவேன். ஷட்டர எறக்கிட்டு ஸ்கிரீன் பட்டன மட்டும் அமுக்கிட்டுப் போவேன். யுபிஎஸ் போட்டதுலேர்ந்து ஒரு பேஜாரும் இல்ல. கொஞ்சம் மெதுவா வருது. அதுக்கும் வயசாவுதில்ல?"

"ஒருதரம் எஃப்-5 அமுக்குங்க, சரியாயிடும்."

மௌரீன் விசைப்பலகையை அவள் பக்கம் திருப்பினாள். எஃப்-4க்கும் எஃப்-6க்கும் நடுவில் ஒரு குழி. குழிக்குள் ரப்பர் பொட்டு மட்டும் தெரிந்தது.

"எங்க ஆன்ட்டி கட்டை?"

"புடுங்கியாச்சு. போன வருஷம் இதே வேளாங்கண்ணி சீஸன். நாப்பது பேர் குரூப்பு. முப்பத்தாறு பேரு, வயசு, ஆம்பளயா பொம்பளயா எல்லாம் அடிச்சிட்டேன். கை பட்டுச்சு. எல்லாம் போச்சு, வெள்ளையா வந்து நிக்குது. வெளிய கியூ. ஒருத்தன் 'ஆன்ட்டிக்குக் கண்ணு தெரியல, டாக்டரக் கூப்பிடு'ன்றான். நான் அன்னிக்கு அழுதுட்டேன்மா. உங்க சாருக்குப் போன் பண்ணேன். அவருதான் வழி சொன்னாரு."

வழி, மானிட்டரின் நெற்றியில் ஒட்டியிருந்தது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் ஸ்டிக்கர்: 'எஃப்-5 அழுத்தாதீர். பக்கத்தை மூடாதீர்.' கீழே சேஷகிரியின் கையெழுத்து. கையெழுத்தும் அச்சாகியிருந்தது.

மாலை அலுவலகத்தில் அவள் இதைச் சேஷகிரியிடம் சொன்னாள்.

"சர்வர்லயே முப்பதுக்கு மேல வந்தா தள்ளிவிடலாமே சார்?"

"தள்ளலாம். பழைய பேஜுக்கு அது புரியாதும்மா. சர்வர் என்ன சொன்னாலும் அது டிக்கெட்ட அடிச்சுக் குடுத்துடும். நம்பர் சரியான்னு பாக்கறது பேஜோட வேலைன்னு நான் வெச்சேன்." பிறகு முகம் தெளிந்தது. "ஒரு காரியம் பண்ணலாம். பேஜுக்கு மேல மஞ்சளா ஒரு பட்டை. 'புதிய பதிப்பு வந்துள்ளது, எஃப்-5 அழுத்தவும்.' சர்வர்ல வெர்ஷன் மாறினதும் தானா வரும். எப்படி?"

இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தார். சோதித்தார்கள். மஞ்சள் பட்டை அழகாக வந்தது. சர்வரில் ஏற்றிவிட்டு அவர் டீ சொன்னார். டீ வந்து பாதி குடித்த பிறகுதான் சங்கமித்ராவுக்கு அது உறைத்தது.

"சார், இந்தப் பட்டை புது பேஜுலதானே இருக்கு?"

"ஆமா."

"பழைய பேஜ் வெச்சிருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சேஷகிரி கோப்பையைக் கீழே வைத்தார். புதியது வந்திருக்கிறது என்ற செய்தி, புதியதை வாங்கிவிட்டவர்களுக்கு மட்டும் தெரியும்படி அமைந்திருந்தது.

"அப்புறம் சார், எஃப்-5 கட்டை அங்க இல்ல."

"அடுகோடில மட்டும்தானே?"

"தெரியல சார். பட்டையிலயே அமுக்கற மாதிரி ஒரு பட்டன் வெச்சிட்டா..."

"அடுத்த வெர்ஷன்ல வெச்சுக்கலாம்" என்றார் சேஷகிரி. "இப்ப நீ ஒண்ணு பண்ணு. பன்னிரண்டு கவுன்ட்டரையும் புதுசுக்குக் கொண்டா. இருபத்தொம்போதாம் தேதி வேளாங்கண்ணில கொடியேத்தம், ஊர்ல பாதி அந்த வண்டிலதான் ஏறும். மாசக் கடைசி வரைக்கும் இல்லாத சீட்டு ஒண்ணுகூட விக்கக் கூடாது. அது மட்டும் நடந்தா, உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல நானே நின்னு கையெழுத்து வாங்கித் தரேன்."

அவள் பன்னிரண்டு கவுன்ட்டர்களின் போன் எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பன்னிரண்டு கவுன்ட்டர்களுக்கும் போன் போட்டாள். "பேஜ க்ளோஸ் பண்ணிட்டு மறுபடி ஓப்பன் பண்ணுங்க." மௌரீனைத் தவிர பதினொரு பேரும் ஒரு நிமிடத்தில் 'ஆச்சு' என்றார்கள். அவள் பட்டியலில் பதினொரு டிக் போட்டாள். மதியத்துக்குள் ஸ்ரீராம்புரம் கவுன்ட்டரிலிருந்து முப்பத்து நான்காம் எண்ணும் நீலசந்திராவிலிருந்து முப்பத்தொன்பதாம் எண்ணும் விற்றிருந்தன.

ஸ்ரீராம்புரம் கவுன்ட்டர் அவள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. நேரில் போய், "எப்படி க்ளோஸ் பண்ணீங்க, காட்டுங்க" என்றாள். கவுன்ட்டரில் இருந்த ராதா பக்கத்தின் மேல் மூலைக்கு அம்பைக் கொண்டுபோய், கழித்தல் குறியை அழுத்தினாள். பக்கம் கீழே சுருங்கி மறைந்தது. பிறகு கீழே அழுத்தினாள். அதே நீலப் பக்கம் மேலே எழுந்து வந்தது.

"க்ளோஸ், ஓப்பன்" என்றாள் ராதா. "இன்னா, கரெக்ட்தானே?"

"பக்கத்துல பெருக்கல் குறி இருக்கே, அத அமுக்கறதில்லயா?"

"அய்ய, அது க்ளோஸ் இல்ல. அது போயிடும்."

பதினொரு கவுன்ட்டரிலும் 'க்ளோஸ்' என்றால் அதுதான். சேஷகிரியின் ஸ்டிக்கர் மூடக் கூடாது என்று சொல்லிவிட்ட பிறகு, நடுவில் சீட்டாட்டம் திறப்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது. அன்றும் அடுத்த நாளும் சங்கமித்ரா பஸ் பாஸை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றி, தன் கையாலேயே பதினொரு பெருக்கல் குறிகளை அழுத்தினாள். பதினொரு பக்கங்கள் பச்சையாயின. போன இடங்களில் எல்லாம் விசைப்பலகையையும் பார்த்துக் குறித்துக்கொண்டாள். ஒன்பது இடத்தில் எஃப்-5 இருந்த இடத்தில் குழி. அடுகோடியில் செய்தது நல்ல யோசனை என்று கேள்விப்பட்டு கோவிந்தப்பாவே ஆளை அனுப்பிப் பிடுங்க வைத்திருந்தார்.

மிச்சம் அடுகோடி. சனிக்கிழமை மௌரீன் அவளை நாற்காலியில் உட்கார வைத்து ஸ்டிக்கரைக் காட்டினாள்.

"உங்க சார் கையெழுத்து போட்டிருக்காரு. உன் வார்த்தைய நம்பி நான் மூடி, பாதி டிக்கெட்டு போச்சுன்னா, கியூல நிக்கறவன் உன்னையா திட்டுவான்? கோவிந்தப்பா சொல்லட்டும், மூடறேன்."

கோவிந்தப்பா ஒரு கல்யாணத்துக்காகத் தும்கூர் போயிருந்தார். திங்கட்கிழமை வருவாராம்.

அன்று மாலை சங்கமித்ரா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பெருமாள்சாமி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், தகுதிகாண் காலம் நீங்கலாக.

"கரண்ட் போனா சரியாயிடுமா? அவ்ளோதானா? ஒரு ஃபியூஸ் புடுங்கற வேல."

"யுபிஎஸ் இருக்குப்பா. ரெண்டு மணி நேரம் தாங்கும்."

"அத எவன் வெக்கச் சொன்னான்?" பெருமாள்சாமி உண்மையிலேயே கோபப்பட்டார். "அப்போ இத்தினி நாளா உங்க கம்ப்யூட்டரயெல்லாம் புதுசு பண்ணிக்கினு இருந்தது நாங்கதானா? கம்பத்துல ஏறச் சொல்லோ ஊரே எங்க அம்மாவ இழுத்துத் திட்டுச்சே, உங்க சார் ஒரு நன்றி சொன்னாரா?"

"நீ ஒண்ணு..."

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிறுத்தணும்னா மரம் வெட்டறோம்னு எழுதணும். ஆனா அடுகோடி என் செக்ஷன் இல்ல மித்ரா. இருந்தாலும் புடுங்க மாட்டேன். சோத்த துன்னு."

திங்கட்கிழமை காலை அவள் அடுகோடிக்குப் போனபோது கியூ டயர் கடை வரை நின்றது. மௌரீன் அடித்துக்கொண்டே இருந்தாள். கூட்டம் சற்றுக் குறைந்த நேரத்தில் சங்கமித்ரா கேட்டாள்:

"ஆன்ட்டி, நீங்க வேளாங்கண்ணி போவலயா?"

"போவாம? நாளைக்கு சாயங்காலம். நானும் என் தங்கச்சி லீனாவும். முப்பத்தேழு, முப்பத்தெட்டு. நானே போட்டுக்கினேன், ஜன்னல் பக்கம்."

சங்கமித்ரா திரையில் அந்த இரண்டு எண்களையும் தொட்டுக் காட்டினாள். மௌரீனின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. ஐந்து நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்த எண்தான், ஆனால் இப்போதுதான் அதில் ஒருவர் உட்கார வேண்டும் என்று தெரிந்த மாதிரி இருந்தது.

"முப்பதுதான்றே?"

"முப்பதுதான் ஆன்ட்டி. சத்தியமா. நீங்களும் உங்க தங்கச்சியும் டிரைவர் பக்கத்துல குந்திக்கினுதான் போவணும்."

மௌரீன் திரையைப் பார்த்தாள், ஸ்டிக்கரைப் பார்த்தாள். கியூவில் முதலில் நின்றவரிடம், "அஞ்சு நிமிஷம் இருப்பா" என்றாள். நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டு, மௌசைப் பிடித்து, அம்பை மெதுவாகப் பெருக்கல் குறியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஏய், இரு இரு! ஏன் மாட்தா இதியா? என்னா பண்றே?"

கோவிந்தப்பா தும்கூரிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையில் இன்னும் சந்தனம் இருந்தது. சங்கமித்ரா நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். நீலம், பச்சை, முப்பது, நாற்பது, குழி. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மௌரீனின் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார்.

"நாளைக்கு வண்டில எத்தன டிக்கெட்டு போயிருக்கு?"

"நாப்பதும் ஃபுல்லு சார். நாளன்னிக்கு முப்பத்தாறு."

"நாப்பதும்." கோவிந்தப்பா நாற்காலி இல்லாததால் யுபிஎஸ் மேல் உட்கார்ந்தார். "ஏன்மா சங்கமித்ரா, நீ படிச்ச பொண்ணு. முப்பது பேர படுக்க வெச்சுக் கூட்டிக்கினு போறது நல்லதா, நாப்பது பேர உக்கார வெச்சுக் கூட்டிக்கினு போறது நல்லதா?"

"சார், வண்டி ஸ்லீப்பர்..."

"பழைய வண்டி ஷெட்லதானே நிக்குது? சக்கரம் இருக்கு, சீட்டு இருக்கு. செப்டம்பர் எட்டாம் தேதி வரைக்கும் வேளாங்கண்ணிக்கு அதே ஓடட்டும். இதுக்குள்ள பெர்த்து வாங்கினவங்களுக்கு நானே சீட்டு மாத்தித் தரேன். மாதா கோயிலுக்குப் போறவங்க தூங்கறதுக்கா போறாங்க? வேண்டிக்கினு உக்காந்துக்கினு போவாங்க." அவர் மானிட்டரை அன்போடு தட்டினார். "இந்த பேஜு சரியாத்தான் இருக்கு. இத யாரும் தொடாதீங்க."

மௌரீன் அம்பைப் பெருக்கல் குறியிலிருந்து எடுத்தாள். "முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்கில்ல?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, கியூவில் முதலில் நின்றவரைக் கூப்பிட்டாள்.

சங்கமித்ரா வெளியே வந்து சேஷகிரிக்குப் போன் போட்டாள். சேஷகிரி கேட்டுவிட்டு, "சரி, பழைய படத்த சர்வர்ல திருப்பி வெக்கறேன்" என்றார். பிறகுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. நாளையிலிருந்து ஊரில் சரியான பக்கம் ஒன்றே ஒன்றுதான், அடுகோடியில் இருப்பது. தவறானவை பதினொன்று. அந்தப் பதினொன்றையும் அவள்தான் தன் கையால் திறந்து வைத்திருந்தாள்.

"கவலப்படாதே," என்றார் சேஷகிரி. "அந்தப் பதினொண்ணுலயும் நம்ம மஞ்சள் பட்டை இருக்கில்ல?"

மஞ்சள் பட்டை செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினொரு கவுன்ட்டர்களிலும் சொன்னபடியே வந்தது. எழுதிய நாளிலிருந்து அது முதன்முதலாகத் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்தது. எட்டேகாலுக்கு முதல் போன்.

"மேடம், எஃப்-5 அமுக்கணும்னு வருது. எஃப்-5 எங்க மேடம்?"

"குழி இருக்கில்ல, அதுக்குள்ள ரப்பர் மாதிரி இருக்கும். பேனா முனையால அமுக்குங்க."

"ஸ்டிக்கர்ல அமுக்கக் கூடாதுன்னு இருக்கே?"

"இன்னிக்கு அமுக்கலாம்."

"யாரு சொன்னா?"

"ஸ்டிக்கர் ஒட்டினவரே சொன்னாரு."

மாலைக்குள் எட்டு இடத்தில் பேனாவால் அமுக்கினார்கள். கலாசிப்பாளையத்தில் ரப்பர் பொட்டும் கையோடு வந்துவிட்டது. அங்கே பெருக்கல் குறியைப் போனிலேயே விளக்கினாள். கட்டை மிஞ்சியிருந்த இடத்தில் அதையே அமுக்கினார்கள். ஸ்ரீராம்புரத்தில் ராதா, "பட்டை வந்தது மேடம், உடனே க்ளோஸ் பண்ணி ஓப்பன் பண்ணிட்டேன்" என்றாள். ஆறு போன்களுக்கு நடுவில் சங்கமித்ரா அதற்கு 'சரி ராதா' என்று பதில் சொன்னாள். எப்படி க்ளோஸ் பண்ணாள் என்று கேட்க விட்டுப்போனது.

புதன்கிழமை இரவு வண்டியில், நாற்பது இருக்கைகள் கொண்ட பழைய பஸ்ஸில், ஒரு குடும்பம் ஏறியது. நான்கு டிக்கெட்டுகள். மேல் பெர்த் 4, 5, 6, 7. குடும்பத் தலைவர் கூரையைப் பார்த்தார். டிரைவரும் பார்த்தார்.

ஆகஸ்ட் 31, வெள்ளிக்கிழமை மாலை, சங்கமித்ராவிடம் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. ஸ்ரீராம்புரம் கவுன்ட்டரில் இல்லாத இருக்கைகள் நான்கு விற்கப்பட்டதைக் குறிப்பிட்டு, அவளுடைய தகுதிகாண் காலம் நவம்பர் 30 வரை நீட்டிக்கப்படுவதாக அதில் இருந்தது. கையெழுத்து சேஷகிரி நின்று வாங்கியது.

அடுகோடி கவுன்ட்டரில் ஜூன் 4 காலை 10:12க்குத் திறந்த பக்கம் செப்டம்பர் 8 வரை திறந்தே இருந்தது. அந்த சீஸன் முழுக்க ஓடிய பழைய பஸ்ஸில் அங்கு விற்ற டிக்கெட் எதிலும் தவறு இல்லை.